சரசு அத்தையின் பெட்டித் துணி

ஐயா,

உனக்கு இன்று ஐம்பத்திரண்டு நாள். இதைப் படிக்கிறவன் மீசை வைத்தவன், கல்யாணப் பேச்சு நடக்கிற வயதில் இருப்பவன் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று முறை தொடங்கிக் கிழித்துப்போட்டேன். மூன்றிலும் என்னை நல்லவளாகக் காட்டிவிட்டேன் என்பது படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது நீ தரையில் மெத்தைமேல் கிடக்கிறாய். கூரையில் தொட்டில் கொக்கி மட்டும் தொங்குகிறது. தரையில் போட்டால் நீ அரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. அதற்குள் சொல்ல முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. உன் ரத்தத்தில் ஒரு நொதி குறைவு. கிளினிக்கில் அதை ஜி-சிக்ஸ்-பி-டி என்பார்கள். மற்ற நாட்களில் நீ எல்லாரையும் போலத்தான் ஓடுவாய், பந்தடிப்பாய். ஆனால் சில மாத்திரைகள், சில நாட்டு மருந்துகள், ஒரு வகை அவரை, அலமாரியில் துணிக்கு நடுவே போடுகிற அந்துருண்டை, இவையெல்லாம் உன் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அந்துருண்டையை வாயில் போட வேண்டியதில்லை, அதன் ஆவி துணியில் ஏறியிருந்தாலே போதும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல். இது உனக்கு என்னிடமிருந்து வந்தது. அம்மாவிடமிருந்து மகனுக்கு வரும். உனக்கு மகள் பிறந்தால் அவள் இதைச் சுமப்பாள், மகனுக்குப் போகாது. நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள், இதை வட்டமும் சதுரமுமாகப் பரம்பரைப் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவள். நீ பிறந்த இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு அட்டையைக் கொடுத்து, வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றபோது, தலையை ஆட்டிவிட்டு அதை என் சான்றிதழ்க் கோப்புக்குள் செருகி வைத்தவளும் நான்தான்.

ஏன் என்று கேட்பாய். எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து, பதினோராம் நாள் மஞ்சளாகிப் போய்விட்டான். அப்போது எஸ்டேட்டில் அதைக் காமாலை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பண்டார் பாருவிலிருந்து வந்திருந்த உன் அப்பாவின் பெரியம்மா, "உங்க பக்கம் புள்ளைங்க தங்கும்தானே?" என்று என் அம்மாவை நேராகக் கேட்டார். "தங்கும்" என்றார் அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அட்டையைப் பார்த்த நிமிடமே எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. இது வெளியே வந்தால் அம்மா பொய் சொன்னது வெளியே வரும், என் ரத்தம் கெட்ட ரத்தம் என்பார்கள். அந்துருண்டையை நானே பார்த்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். படித்தவளுக்கு வருகிற திமிர் அது. எதையும் தனியாகச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும்.

இனி சரசு அத்தை. உன் அப்பாவுக்குப் பதினோரு வயது மூத்த அக்கா. அப்பா அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தவர். சுங்கைப் பட்டாணியில் கையுறை ஃபேக்டரியில் பெட்டி அடுக்கும் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. அந்த மனிதர் வேறு வழி பார்த்துக்கொண்டு போனபோது, ஒரு தகரப் பெட்டியோடு மெர்போக்கில் இருக்கிற இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார். என் அம்மாவுக்கு முழங்கால் முடியாததால் என் பிரசவம் பார்க்க ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவரும் அவர்தான். வாய் கொஞ்சம் அதிகம். என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார், பாதி கேலி, பாதி பெருமை.

நீ பிறப்பதற்கு முன் இந்த வீட்டில் உனக்கென்று ஒரு நூல்கூட வாங்கவில்லை. ஏழாம் மாதம் ஃபோனில் ஒரு கட்டில் பார்த்து வைத்திருந்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "பொறக்கட்டும்லா மொதல்ல. வர்றவனுக்கு முன்னாடி பாய் விரிச்சு வச்சா, வழியிலயே நின்னு வேடிக்கை பாப்பான்" என்றார். பிறந்தபிறகும் முப்பது நாளைக்குப் புதுத்துணி கூடாது, உடுத்தி உடுத்தி நைந்த துணிதான் பச்சை உடம்புக்கு ஆகும். போதாததற்கு, பிரசவித்தவள் ஊசி தொட்டால் கண் கெடும் என்று தையல் டப்பாவை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். "அப்ப எப்படி அண்ணி எல்லாம் செய்யறது?" என்று கேட்டேன். "கை இருக்கு, பல்லு இருக்கு, முடிச்சு இருக்கு. யூனிவர்சிட்டில முடிச்சு போட சொல்லிக்குடுக்கலியா?" என்றார்.

மூன்றாம் நாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தை தன் தகரப் பெட்டியைத் திறந்தார். வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஆறு வேட்டி, நான்கு நூல் சேலை, ஒரு மிருதுவான போர்வை, எல்லாம் மடித்து, மடிப்புக்கு மடிப்பு வெள்ளை உருண்டைகள். அதில் ஒரு சேலை அவர் அம்மாவுடையது, உன் அப்பாவைத் தூக்கி வளர்த்த சேலை. மற்றவை ஆறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அத்தை தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகச் சேர்த்து வைத்தவை. கடையில் வாங்கக்கூடாது என்பதால் சொந்தக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய பழந்துணிகள். "வேற எதுக்கு வச்சிருந்தேன், இவனுக்குத்தான் போல" என்று சொல்லி, உன் நெற்றியில் விரலால் ஒரு தட்டு தட்டினார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அண்ணி, இந்த வாசனை அவனுக்கு ஆகாது." ஐந்து சொல். நான் சொன்னது, "அலசிப் போடலாமே அண்ணி" என்பதுதான். ஏற்கெனவே அலசி வெயிலில் போட்டாயிற்று என்றார். அதுவும் அரை வெயில். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டதும் அவர் அள்ளி உள்ளே எறிந்ததை நானே பார்த்தேன்.

அடுத்த ஐந்து நாட்கள்தான் நான் இந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று எழுதுவதற்குக் கூசுகிறது, ஆனால் அது உண்மை. இருவரும் தரையில் உட்கார்ந்து உனக்கான எல்லாவற்றையும் செய்தோம். வேட்டியின் ஓரத்தைப் பல்லால் லேசாகக் கடித்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் நூல் பிடித்த வழியே நேராகக் கிழியும், கத்தரிக்கோலால் வெட்டினால்கூட அவ்வளவு நேர் வராது. ஒரு வேட்டியில் எட்டு லம்பின், பிள்ளைக்கு இடுப்பில் கட்டுகிற துணி. முக்கோணமாக மடித்து, நடு முனையை மேலே கொண்டுவந்து, பக்க முனைகளை இடுப்பில் முடிய வேண்டும். முடிச்சு தொப்புளுக்குக் கீழே விழ வேண்டும், மேலே விழுந்தால் புண் உரசும். சேலை முந்தானையைச் சுருட்டி, உள்ளே நைந்த துணியை அடைத்து, இரண்டு நுனியையும் மிட்டாய்த்தாள் போல முறுக்கிக் கட்டினால் அணைத்துக்கொள்கிற தலையணை. கிழித்த கீற்றுகளை மூன்று மூன்றாகப் பின்னி, என் பழைய வளையல்களை அதில் கோத்து, உன் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். கடைசியாகத் தொட்டில். அவர் அம்மாவின் சேலையை ஸ்பிரிங் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளிருந்து வெளியே ஒரு மடி எடுத்து அத்தை முடிச்சுப் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் முடிச்சைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டீச்சரம்மா, பாடம் நடக்குது, வெளியில பாக்காத" என்றார்.

அந்த நாட்களில் நான் ஒன்று செய்தேன். அத்தை குளிக்கப் போன நேரம் பெட்டியிலிருந்த உருண்டைகளையெல்லாம் பொறுக்கிச் சாக்கடையில் போட்டேன். வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன். துணிக்குள் ஏறியது அங்கேயே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். மறுநாள் அத்தை பெட்டியைத் திறந்து, "எல்லாம் கரைஞ்சு போச்சு போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கடையில் புதுப் பாக்கெட் வாங்கிவந்து, மடித்து அடுக்கியிருந்த உன் லம்பின்களுக்கு நடுவிலும் நாலு போட்டு வைத்தார். கரப்பான் ஏறக்கூடாது என்ற அக்கறை. எட்டாம் நாள் லம்பின் எடுக்கும்போது அவை உருண்டு விழும்வரை எனக்கு அது தெரியாது. அவற்றையும் சத்தமில்லாமல் எடுத்தெறிந்தேன். யாரிடமும் சொல்லாமல் ஒருத்தி எடுக்கிறாள், யாரும் சொல்லாததால் இன்னொருத்தி போடுகிறாள். நடுவில் நீ கிடந்தாய்.

ஒன்பதாம் நாள் கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். மலாய்க்காரப் பெண், நடு வயது, செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிக்கிறவர். உன்னைப் போர்த்தியிருந்த துணியை விலக்கியவர், துணியை மூக்கருகே கொண்டுபோய், "புவான், இனி பாவ் உபாட் கெகாட் கா?" என்றார். அந்துருண்டை வாசம்தானே என்று கேட்கிறார். அத்தை சமையலறையில் இருந்தார். நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மிஸ்ஸி உன் மூக்கு நுனியை அழுத்தி எடுத்தார், விரல் பட்ட இடம் மஞ்சளாக நின்றது. லம்பினைத் திறந்தார், சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தது. "வீட்டில் எல்லாரிடமும் சொன்னீர்களா?" என்று மலாயில் கேட்டார். "சுடா" என்றேன். சொல்லிவிட்டேன் என்று. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுக்கொண்டே என்னைக் கிளம்பச் சொன்னார். காரில் அத்தை பின்சீட்டில் உன்னை மடியில் வைத்திருந்தார். காற்று படக்கூடாது என்று பெட்டியிலிருந்த இன்னொரு சேலையாலேயே மேலும் ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இறுக்காதீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அவ்வளவுதான் சொன்னேன்.

நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டி உன்னைப் படுக்கவைத்தார்கள். அது போதவில்லை, உன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, துணிமணி பற்றிக் கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. வெளியே வந்து வீட்டாரிடம் காமாலை என்று மட்டும் சொன்னேன். பிழைப்பாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். எந்தத் தெய்வத்திடமும் வேண்டிக்கொள்ள முடியவில்லை. என்ன சொல்லி வேண்டுவது? காப்பாற்று, ஆனால் யாருக்கும் தெரியாமல் காப்பாற்று என்றா? வெட்கமில்லாமல் அப்படித்தான் வேண்டினேன்.

பதினோராம் நாள் சொந்தங்கள் வந்தார்கள். என் அண்ணன் போன அதே பதினோராம் நாள் என்பதால் என் அம்மா உட்காரவே இல்லை. உன் அப்பா, பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் மருமகள், என் அம்மா, நான், எல்லாரும் வராந்தாவில் கண்ணாடி ஓரமாக நின்றோம். அத்தை காப்பி ஃபிளாஸ்க்கோடு கொஞ்சம் தள்ளி நின்றார். பெரியம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தொட்டி யாரு கட்டினது?" உன் அப்பா, "அக்காதான்" என்றார். "அதான பாத்தேன். புள்ள பெறாத கை தொட்டி கட்டலாமா? ஏக்கம் சும்மா விடுமா?" உன் அப்பா, "பெரியம்மா, விடுங்க" என்றார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அத்தை என்னைப் பார்த்தார். அந்த ஐந்து நாளும் நாங்கள் எப்படி உட்கார்ந்து செய்தோம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அவர் நினைத்திருப்பார். நான் கையில் இருந்த டவலை நான்காக மடித்தேன், பிரித்து மறுபடியும் மடித்தேன். அத்தை ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் நாள் உன்னை உயிரோடு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா, "அவ கட்டினத அவுத்துருங்க, அவ துணி ஒண்ணும் புள்ள மேல படக்கூடாது" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. துணியை எப்படி அப்புறப்படுத்துவது, என்ன காரணம் சொல்வது என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் பழி சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. ஸ்டூல் மேல் ஏறி, அத்தை பார்த்துக்கொண்டிருக்க, அந்த முடிச்சை நானே அவிழ்த்தேன். நகம் உடைந்தது, அவ்வளவு நல்ல முடிச்சு. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டபோது உன்னைத் தூக்க அத்தை கை நீட்டினார். பெரியம்மாவின் மருமகள் நடுவில் வந்து வாங்கிக்கொண்டாள். மறுநாள் அத்தை ஒரு பையோடு யான் என்கிற ஊருக்குப் போய்விட்டார், கூட வேலை செய்கிற தோழி வீட்டுக்கு. பெட்டியை விட்டுவிட்டுப் போனார். "நான் கெளம்பறேன், பத்திரம்" என்றார். உன்னையா பெட்டியையா என்று நான் கேட்கவில்லை. அவர் போன மறுநாள் வீட்டின் பின்னால் எண்ணெய்த் தகரத்தில் எல்லாவற்றையும் போட்டு எரித்தேன். போர்வை, வேட்டி, சேலை, பின்னிய கயிறு, எல்லாம். வளையல்களை மட்டும் கழற்றி எடுத்தேன்.

அதன்பிறகு நீ தேறினாய், எடை கூடினாய். மூன்றாம் மாதம் காது பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவு மஞ்சள் ஏறிய பிள்ளைகளுக்குச் சில சமயம் கேட்கும் சக்தியில் குறை வருமாம். நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை உன் தலைக்குப் பின்னால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சில முறை திடுக்கிடுகிறாய், சில முறை இல்லை. போன வாரம் பெரியம்மா மறுபடியும் வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார், தொட்டிலுக்கு என்று தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். பையைப் பிரிக்கும்போதே அதே வாசனை. உன்மேல் போர்த்தக் குனிந்தார். நான் உன்னைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். "என்னலா இது, என் சேலை நாறுதா? படிச்ச கொழுப்பு" என்று அவர் கத்துவது கேட்டது. அந்தப் பின்வாசலில், எண்ணெய்த் தகரத்தின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குப் புத்தியில் ஏறியது. உன்னை அந்துருண்டையிடமிருந்து நான் ஒருத்தியாகக் காப்பாற்ற முடியாது. நான் குளிக்கப் போகும் நேரம் யாராவது அன்போடு ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள். ஒருத்தரும் தெரியாமல் செய்யக்கூடாது என்றால் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் மறைத்தது என் ரத்தத்தை என்று நினைத்தேன். மறைத்தது உன் உயிரை.

அன்று உன் அப்பா வேலை முடிந்து வந்ததும் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். கூலிமில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். அட்டையை இரண்டு முறை படித்தார். "இது எப்ப குடுத்தாங்க?" என்றார். "ரெண்டாம் நாள்" என்றேன். சோற்றுத் தட்டை நகர்த்தினார். "எங்கக்கா யான்லேருந்து ஃபேக்டரி பஸ் புடிக்க நாலரைக்கு எந்திரிக்கிறா. தெரியுமா ஒனக்கு?" அதற்குமேல் அவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. உன்னிடம் பேசினார், சட்டையை மாற்றினார், ஒவ்வொரு துணியையும் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உன்மேல் போட்டார்.

நேற்று நான் தனியாகத் தொட்டில் கட்டிப் பார்த்தேன். நீ தூங்காமல் நானும் தூங்காமல் கண் எரிந்தது. உன் அப்பா இடுப்பில் கட்டுகிற பழைய பருத்திச் சாரத்தை, எங்கள் கயிற்றுக்கொடியில் மட்டுமே காய்ந்ததை, இரண்டு முறை வெந்நீரில் போட்டு எடுத்து, கொக்கியில் சுற்றி முடிச்சுப் போட்டேன். உன்னைப் போடுவதற்குமுன் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து ஆட்டினேன். நாலாவது ஆட்டத்தில் முடிச்சு வழுக்கிப் பை தரையில் விழுந்து வெடித்தது. உன் தலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் அரிசி சிதறிக் கிடந்தது. கூட்டக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்து அத்தைக்கு ஃபோன் போட்டேன். முடிச்சு எப்படிப் போடுவது என்று கேட்கத்தான் போட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்கப் போடவில்லை.

"அண்ணி, தொட்டி முடிச்சு எப்படிப் போடணும்?"

"ஏன், நான் போட்டதத்தான் அவுத்தியே. அவுத்தவளுக்குக் கட்டத் தெரியாதா?"

அப்போதுதான் சொன்னேன். அட்டை, என் அண்ணன், சாக்கடையில் போட்ட உருண்டை, மிஸ்ஸியிடம் சொன்ன பொய், எல்லாம். அத்தைக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப என் கையி இல்ல" என்றார் கடைசியில்.

"இல்ல அண்ணி."

"ஒரு மாசமா நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பெரியம்மா சொன்னது உண்மையா இருக்குமோன்னு. எனக்கே தெரியாம என் மனசுல பொறாமை இருந்திச்சோன்னு. சாமி முன்னாடி நின்னு கேட்டிருக்கேன்லா நான்." குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு கேட்டார், "துணியெல்லாம் எங்க?"

"எரிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ம்."

"எங்கம்மா சேலையுமா?"

கொல்லையில் ஒரு வாரம் உதறிப் போட்டு வெயிலும் காற்றும் பட்டிருந்தால் அந்தச் சேலை திரும்பி வந்திருக்கும், எரிக்க வேண்டியதில்லை. நான் எரித்தது ஆவிக்குப் பயந்தல்ல, பார்க்கப் பயந்து. வைத்துவிட்டாரோ என்று இரண்டு முறை ஃபோனைப் பார்த்தேன்.

"நான் வந்து கட்டிக்குடுக்கறேன்னு சொல்லுவேன்னு நெனைக்காத. இப்ப வரமாட்டேன். எங்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லி முடிச்சிக்கலாம்னும் பாக்காத. அன்னிக்கு அந்தக் கண்ணாடிகிட்ட எத்தன பேரு நின்னாங்க? எண்ணிப் பாரு. அத்தன பேருக்கும் சொல்லு. ஒருத்தர விட்டாலும் எனக்கு ஃபோன் பண்ணாத." வைத்துவிட்டார்.

எண்ணிப் பார்த்தேன். உன் அப்பாவுக்குச் சொல்லியாயிற்று. பெரியம்மாவிடமும் பெரியப்பாவிடமும் அவர்கள் மருமகளிடமும் இன்று காலை ஃபோனில் சொன்னேன். பெரியம்மா, "அப்ப ஒங்கம்மா அன்னிக்கு பொய்தான சொன்னா" என்றார். ஆமாம் என்றேன். அவர் இன்னும் நிறையச் சொன்னார், நியாயமானதும் உண்டு, நியாயமில்லாததும் உண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். முடிவில் என்ன நினைத்தாரோ, "எந்த மாத்திரை ஆகாதுன்னு எழுதி அனுப்பு, ஃப்ரிட்ஜுல ஒட்டி வைக்கறேன்" என்றார். என் அம்மாவுக்குச் சொன்னது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர் அழவில்லை. "அப்ப அவன நான்தான் கொன்னேனா?" என்று, பெயர் வைப்பதற்குமுன் போன தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். இல்லை, அப்போது யாருக்கும் தெரியாது, உன் விஷயத்தில் எனக்குத் தெரிந்திருந்தது என்றேன்.

கல்யாணம் பேசும்போது பெண் வீட்டில் உன் ரத்தத்தைப் பற்றி நீயே சொல், நாங்கள் சொல்வோம் என்று காத்திருக்காதே. அவர்கள் எழுந்து போனால் போகட்டும். உன் வீட்டில் ஒருத்தி பழி சுமந்து நிற்கும்போது கையில் இருக்கிற டவலை மடிக்காதே. இதற்குமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆறு பேருக்குச் சொல்லிவிட்டேன் என்று அத்தைக்கு ஃபோன் போடக் கையில் எடுத்தேன். என்னையும் சேர்த்தால்தான் ஆறு என்று உறைத்தது. பிறகு இன்னொன்றும் உறைத்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். அந்தப் பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு நீ கிடந்தாய். உனக்கு முன்னால்தான் அந்தப் பழி சொல்லப்பட்டது, உனக்கு முன்னால்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கேட்டாயா, உனக்குக் கேட்குமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அதனால் எழுத்தில் வைக்கிறேன்.

உன் அத்தையின் கையில் எந்தக் குறையும் இல்லை, ஐயா. குறை என் வாயில் இருந்தது. இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன். நீ விழித்துக்கொண்டு அழுகிறாய், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு யானுக்கு ஃபோன் போடப் போகிறேன். எடுப்பாரா தெரியவில்லை.

அம்மா